நான் ராசியில்லை என்று சொன்ன வீடு

வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலில் என்னோடு விளக்குப் போடுகிற அக்கா, தங்கைகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மன் எனக்குச் செய்ததை மறைத்தால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். அதனால் என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் விருதுநகர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள். அவர் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் வேறொரு கம்பெனியில் பார்ட்ஸ் செக்கிங். அவருக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட் என்று வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் உழைத்து, பாகலூர் ரோட்டுப் பக்கம் இரண்டு பேர் பெயரிலும் ஒரு வீடு கட்டினோம். குடிபோன முதல் வருஷமே எங்கள் மகள் தாரணி பிறந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனியில், பிரிந்துவிடலாம் என்று அவரே சொன்னார். வேறொருத்தி இருந்தாள். அதற்கு மேல் அதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. அவர் அத்திப்பள்ளிக்கு வாடகைக்குப் போய்விட்டார். வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்று வக்கீல் எழுதினார். தாரணி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பரீட்சை முடிகிற வரைக்குமாவது வீட்டை விட்டுவைக்கச் சொல்லி போனில் கெஞ்சினேன்.

"வாங்கறவங்க எப்பக் கேக்கறாங்களோ அப்பக் காலி பண்ணித்தான் ஆகணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வாய் ஜாஸ்தி. உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் சிரித்த முகமாக டீ போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்வேன்: "பாத்து வாங்குங்க. ராசியில்லாத வீடு இது. குடி வந்ததுல இருந்து சண்டைதான். இப்ப டைவர்ஸ்ல வந்து நிக்குது."

பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இப்படி மூன்று குடும்பத்தை விரட்டினேன். அவருக்கு நல்லா வேணும் என்று உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் தெரு முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது.

ஆடியில் ஒரு சாயங்காலம், கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தாரணி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் பொறந்ததும் இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தானேம்மா? அப்ப நானும் ராசியில்லாதவளா?"

இல்லடி தங்கம், இல்லடி என்று கட்டிக்கொண்டேன். அவள் அழக்கூட இல்லை. அந்த மாதப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் வரிசையில் இருந்த பிள்ளை.

அதுவரைக்கும் அம்மனிடம் நான் வேண்டியதெல்லாம், வீடு விற்கக் கூடாது, அவர் நாசமாகப் போகணும் என்பதுதான். அந்த வெள்ளிக்கிழமை அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "தாயே, வீடு போனால் போகட்டும். என் பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் மட்டும் எங்களை இங்கே இருக்க விடு. நான் வாயால் கெடுத்ததை நீயே சரிபண்ணு" என்று அழுதேன். பூசாரி குங்குமம் கொடுத்தார். வேறு எந்த அதிசயமும் நடக்கவில்லை.

ஆவணியில் பாகலூர்க்காரர்கள் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். புருஷன் கம்பெனி வேலைக்காரர், மனைவி பெயர் மஞ்சுளா. இந்தத் தடவை நானே முந்திக்கொண்டேன். "இந்த வீட்டப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டிருந்தா, அதக் கெளப்பி விட்டது நான்தான். அத்தனையும் பொய். சண்டை போட்டது நாங்க, வீடு என்ன பண்ணுச்சு?"

மஞ்சுளா என்னையே பார்த்தாள். "என்ன மட்டும் ராசிக்காரின்னா சொல்றாங்கக்கா? கல்யாணமாயி எட்டு வருசமாச்சு, கொழந்த இல்ல. விசேஷத்துல யாரும் என்ன முன்னால விடறதில்ல. நீங்க வீட்டக் காட்டுங்க" என்றாள்.

அட்வான்ஸ் கொடுத்தார்கள். ஆனால் தையில் பால் காய்ச்சணும், அதற்குள் காலி செய்யணும் என்று அக்ரிமெண்ட். பரீட்சையோ மாசி, பங்குனியில். கோயிலுக்குப் போய் அம்மனையே திட்டினேன். உனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று சத்தம் போட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் மஞ்சுளா போன் செய்தாள்.

"அக்கா, நாள் தள்ளிப் போச்சுக்கா. டாக்டர் உறுதியா சொல்லிட்டாங்க. மாசமா இருக்கறப்ப புது வீட்டுல பால் காய்ச்சக் கூடாதுன்னு எங்க அத்த சொல்லிட்டாங்க. கொழந்த பொறந்துதான் வருவோம். அதுவரைக்கும் நீங்களே இருங்க. பாப்பா நிம்மதியா பரீட்ச எழுதட்டும். ராசியில்லாத வீடுன்னு யாருக்கா சொன்னாங்க?"

அந்த ஒரு போனில் நான் கேட்ட இரண்டையுமே அம்மன் கொடுத்துவிட்டாள். தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் பிள்ளை அழுதாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் திரும்பி வரவில்லை. தாரணி பரீட்சை எழுதி நல்லபடியாகப் பாஸானாள். சித்திரையில் பதிவு ஆபீஸில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். "பேனா இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். வைகாசியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். முதல் மாதம் முழுக்க, வேலை முடிந்ததும் கால் தானாகப் பழைய தெருவுக்கே திரும்பும்.

ஆவணியில் மஞ்சுளா குங்குமச் சிமிழோடு, பால் காய்ச்சுவதற்கு என்னை அழைக்க வந்தாள். "நல்ல காரியம்மா. நான் வந்து நிக்கறது சரியா இருக்காது" என்றேன்.

"நீங்க வராம நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். ஒரு ஓரமாகத்தான் நின்றேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கை நீட்டியும் தராமல், மஞ்சுளா நேராக என்னிடம் வந்து, "பிடிங்கக்கா, பால் வைக்கணும்" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். இரண்டு மாதப் பெண் குழந்தை. நான் சபித்த வீட்டில், என் தோளில் நிம்மதியாகத் தூங்கியது. பால் பொங்கியபோது எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

இப்போது யாரைப் பார்த்தும், எதைப் பார்த்தும் ராசியில்லை என்ற வார்த்தை என் வாயில் வருவதில்லை. எனக்கு வீடு இல்லை, துணை இல்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனால் என் பிள்ளை இன்று தலை நிமிர்ந்து காலேஜுக்குப் போகிறாள். அக்கா, தங்கைகளே, உங்கள் மனசில் எது கிடந்து அறுக்கிறதோ அதை அம்மனிடம் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் திட்டிக்கொண்டேயாவது கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.