பினாங்கில் மாறிய வெற்றிலை

நான் பினாங்கு பார்க்கப் போனேன் என்று ஊரில் சொல்வார்கள். வெறும் பேச்சு. நான் எங்கே பார்த்தேன்? என் மணிக்கட்டு மாமியின் பிடியில் இருந்தது. அவள் எந்தப் பக்கம் இழுத்தாளோ அந்தப் பக்கத்துச் சீனர்களைக் கண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. பூதப்பாண்டியில் எங்கள் வீடு. நாகர்கோவிலில் வாத்தியார் பயிற்சி வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு திறப்பதற்குள் என் தாய்மாமனுக்குக் கப்பலேறும் ஆசை வந்துவிட்டது. மாமிக்குப் பேச்சுத்துணை வேண்டுமாம்.

"சும்மா வா மக்கா. சீனாக்காரன் எப்படி இருக்கான்னு பாத்துட்டு வந்துருவோம். பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போகாது" என்றார் மாமா.

அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். வகுப்பு திறக்கும்போது பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கும் அந்த நினைப்புதான். கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோதும், பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பினாங்கில் எங்களுக்கு ஊர் காட்ட ஒருவர் வந்தார். நம் பக்கத்துக்காரர், நம் சாதிசனம். ஒரு சீன முதலாளியின் ரப்பர் கடையில் குமாஸ்தா. மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குடையை மாமாவுக்குப் பிடிப்பார், கண்ணை என் பக்கம் வைப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

சீனத் தெருவில் நடப்பதே ஒரு பாடு. ஊதுவத்திப் புகை, முழுசாகத் தொங்கும் வாத்துகள், சண்டை போடுகிறார்களோ என்று பயப்படும்படி உரக்கப் பேசும் பெண்கள். ஒரு கடை வாசலில் பெருந்தடியைக் குடைந்து, இழைத்து, பளபளவென்று வைத்திருந்தார்கள். மாமா அதைத் தட்டிப் பார்த்து, "என்னா வேல! நம்ம கடப்புறத்துல இப்படி ஒரு வள்ளம் உண்டா?" என்றார். அது வள்ளமில்லை, சவப்பெட்டி. கிழவர்கள் சாவதற்கு முன்பே கடைக்கு வந்து தங்களுக்குப் பிடித்ததாக வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நடந்தார். மாமி லாட்ஜுக்கு வந்ததும் தலை முழுகினாள். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

இன்னொரு நாள் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட பெண்கள் கூட்டமாகப் போனார்கள். வீட்டு வேலைக்காரிகள். கல்யாணமே வேண்டாம் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து, கொண்டை முடிந்துகொண்டவர்கள் என்றார் குமாஸ்தா. சம்பாதித்து, நாலைந்து பேராக ஒரு வீடு பிடித்து வாழ்வார்களாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். இப்படியும் ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறதா! மாமி என் கையைச் சுண்டி இழுத்தாள். "ஏட்டி, அங்க என்ன பார்வ? கண்ணுல படப்பிடாததுவ!"

ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது, குமாஸ்தாவின் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். முதலாளியின் தாயார்தான் அந்த வீட்டில் எல்லாம். பல தலைமுறையாகப் பினாங்கிலேயே இருக்கும் குடும்பம் என்பதால் மலாய் பேசுவாள்; நம்மைப் போலவே வெற்றிலையும் போடுவாள். குமாஸ்தாவைத் தன் மகன் என்பாள். நடுமுற்றத்தில் மழை விழுகிற வீடு. முன்னோர்களின் படத்துக்கு முன்னால் ஆரஞ்சுப் பழம் அடுக்கியிருந்தது. எங்களோடு, பினாங்கில் பிழைக்கும் நம் ஊர்க்காரர் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கிழவி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். "எனக்கு ஒரு பொண்ணு பாக்கணும்னு சொல்லுகாவ" என்று குமாஸ்தா நெளிந்தார். எல்லாரும் சிரித்தோம். கிழவி வெற்றிலைச் செல்லப் பெட்டியை மாமாவிடம் நீட்டினாள். மாமா எழுந்து, இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் மரியாதை இல்லை அல்லவா? இடுப்புப் பையிலிருந்து தன் வெற்றிலை பாக்கை எடுத்துக் கிழவியின் கையில் வைத்தார்.

"அப்ப வெத்தில மாறியாச்சு!" என்றார் ஊர்க்காரரில் ஒருவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண் பேச்சு நடக்கிற இடத்தில் பெரியவர்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டால் எங்களுக்கு அது நிச்சயம். அதிலும் தாய்மாமன் கை. பெற்ற தகப்பன்கூட மறுக்க முடியாது. மாமாவின் முகம் கறுத்தது. "இது சும்மா மரியாதைக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே, எப்படிச் சொல்வார்? மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் தெய்வம் நடத்துகது" என்றார்.

"மாமா, எனக்குப் பள்ளிக்கூடம்..." என்றேன்.

"வாயத் தொறக்காத. வெத்தில மாறின பொறவு வேண்டாம்னா நம்ம குடும்பத்த எவன் மதிப்பான்?" என்று மாமி என் காதுக்குள் சீறினாள்.

என் கண்ணில் நீர் கொட்டியது. கிழவி அதைக் கவனித்தாள். மருமகளைக் கூப்பிட்டு, மாமா மாமியையும் மற்றவர்களையும் மாடி காட்ட அனுப்பினாள். குமாஸ்தாவை மட்டும் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரிடம் ஏதோ கேட்டாள்.

"ஒங்களுக்குச் சம்மதமான்னு கேக்காவ" என்றார் அவர், தரையைப் பார்த்து.

கடவுளே, ஒருத்தி கேட்டாளே! "சம்மதமில்ல. எனக்குக் கல்யாணம் வேண்டாம். நான் ஊருக்குப் போயிப் படிக்கணும். இத அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்கோ" என்றேன்.

அவர் மலாயில் பேசினார். கிழவி கலகலவென்று சிரித்து, என் கன்னத்தைத் தடவி, தன் கை வளையல் ஒன்றைக் கழற்றி எனக்குப் போட்டாள். இவ்வளவு கேட்டும் சிரிக்கிறாளே பாவி என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்பாவுக்குத் தந்தி போயிற்று. அப்பாவும் ஆசீர்வாதம் என்று தந்தி அடித்தார். பினாங்குக் கோயிலிலேயே தாலி ஏறியது. மாமாவும் மாமியும் கப்பலில் கையசைத்துக்கொண்டு போனார்கள். நாகர்கோவிலில் வகுப்பு திறந்த அன்று நான் குமாஸ்தாவின் கடைமாடி அறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

பகலெல்லாம் அந்த அறைதான். கீழே தெருவில் காய்கறிக்காரிகளிடம் பேரம் பேசிப் பேசி மலாய் நாக்கில் ஒட்டியது. அடுத்த வருஷம் கிழவி உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது பார்க்கப் போனேன். மனதில் கிடந்ததை அவள் பாஷையிலேயே கேட்டேன். "நான் மாட்டேன் என்றேனே, ஏன் சிரித்தீர்கள்?"

அவள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "மாட்டேன் என்றாயா? சம்மதம்தான், ஊரைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்றல்லவா அவன் சொன்னான்! மாட்டேன் என்றிருந்தால் உன் மாமன் வெற்றிலையை அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பேனே. வெற்றிலைதானே, அம்மா?"

வெற்றிலைதானே! நாஞ்சில் நாட்டில் ஒருவர் வாயிலும் வராத வார்த்தை.

வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். "அன்றைக்கு நான் சொன்னதாக என்ன சொன்னீர்கள்?" என்று மலாயிலேயே கேட்டேன்.

பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு தமிழில் சொன்னார்:

"நீ மலாய் படிச்சிருவேன்னு நான் நெனைக்கல்ல."