சித்தி கூட்டிய கூட்டம்

சித்தியின் பவுடரை முகத்தில் பாதி, தரையில் பாதியாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கம். ராயப்பேட்டையில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கும் ஓர் அறை. எனக்குப் பத்து வயது. சித்தி சினிமாப் பைத்தியம், வாயாடி, சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். தலையில் ஒரு குட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, "இன்னாடி கண்ணு, எங்க பொறப்பாடு?" என்றார். குரலில் கோபமே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மயிலாப்பூர்த் திருவிழாக் கூட்டத்தில் கழுத்தில் கேமராவோடு ஒருவர் என்னைப் படம் பிடித்தார். சாக்லேட் கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஆகலாம் என்றார். சனிக்கிழமை மத்தியானம் ஆழ்வார்பேட்டையில் இன்ன வீட்டுக்கு வரவேண்டும், தனியாக வரவேண்டும். வீட்டில் சொன்னால் கண் பட்டுவிடும், சொல்லக்கூடாது. அன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

நிஜமான படக்காரன் குழந்தையைத் தனியாகக் கூப்பிடமாட்டான் என்பது சித்திக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் எதற்குக் கூப்பிட்டான் என்பதும் புரிந்தது. என்னைத் தடுத்தால் வேறொரு குழந்தையைத் தேடுவான். ஆண்களிடம் சொன்னால் கம்போடு ஓடுவார்கள்; ஆனால் ஊர் என்னைத்தான் காலமெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். அந்தக் காலம் அப்படி. அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்து வைக்கட்டும் என்று சித்தி முற்றத்தில் போய் நின்று கத்தினார்: "நம்ம பாப்பாவ சினிமாவுக்கு எடுக்குறாங்களாம். யார் யார் வர்றீங்க?"

யார்தான் வரவில்லை! கல்யாணப் பட்டுப்புடவைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. கைக்குழந்தைகளுக்கு மைப் பொட்டு வைத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வேட்டி மாற்றிக்கொண்டு, மீசையை முறுக்கி, "அப்பா வேஷம் ஏதாச்சும் காலியா கீதான்னு கேட்டுப் பாக்கலாம்" என்று சேர்ந்துகொண்டார். அம்மா பெருமை தாங்காமல் நடந்தாள். வெயிலில் ஊர்வலமாகப் போனோம். சித்தி மட்டும் என் கையை விடவே இல்லை.

கதவைத் திறந்தவன் முகம் வெளுத்துவிட்டது. "யாரும்மா நீங்கல்லாம்?"

"கொயந்த வூட்டுக்காரங்க. நீங்க பாட்டுக்குப் படம் புடிங்க, நாங்க ஓரமா குந்திகினு இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே சித்தி உள்ளே நுழைந்தார். பின்னாலேயே அத்தனை பேரும். கேமரா ரிப்பேர் என்றான். டைரக்டர் ஊரில் இல்லை என்றான். வீட்டுச் சொந்தக்காரர் அவனை மூலையில் நிறுத்தி, வீரபாண்டிய வசனம் மாதிரி ஏதோ முழங்கிக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். என்னைவிடச் சின்னவள், கையில் புது பொம்மை. சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. எதுவும் கேட்காமல் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இதுவும் எங்க வூட்டுப் புள்ளதான்" என்றார். அவன் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டான்.

வழியில் அவள் சொன்னாள். மயிலாப்பூர்க் குளக்கரையில் பூ விற்பவளின் மகள். இப்போதுதான் கூட்டிவந்தானாம். அம்மாவிடம் சொன்னால் அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்றானாம். பூக்கடையில் இறக்கிவிட்டதும் அந்தத் தாய் பயத்தில் கையை ஓங்கினாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காத. இன்னிக்கு அடிச்சீன்னா நாளைக்கு எது நடந்தாலும் உன்கிட்ட சொல்லாது." பூக்காரி அழுதாள். விடியற்காலையில் கடை போட்டால் ராத்திரிதான் எடுக்கிறாள், பிள்ளையை யாரிடம் விட்டுப்போவாள்?

"எங்க முத்தத்துல வுடு" என்றார் சித்தி.

சித்தி காவல் நிலையத்துக்கும் போனார். "ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார்களாம். "நடக்கற வரிக்கும் காத்துகினு இருக்கணுமா?" என்று சத்தம் போட்ட பிறகே ஆள் அனுப்பினார்கள். அதற்குள் அவன் வீட்டைக் காலி செய்துவிட்டான். எந்தத் தெருவுக்குப் போனானோ என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் எங்கள் முற்றத்துக்கு ஒரு வாயாடி கிடைத்தாள். குளக்கரையில் பார்த்தது, கேட்டது, தின்றது, சண்டை போட்டது எல்லாவற்றையும் சித்தியிடம் ஒப்பிப்பாள். சித்தியும் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அப்படிச் சிரித்த சாயங்காலங்கள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

சித்திக்கு இப்போது காது மந்தம். போன வாரம் பார்க்கப் போனபோது பூக்காரியின் மகள் தன் பேத்தியோடு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வேன் மாமா கன்னத்தைக் கிள்ளுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அந்தப் பொடிசு முணுமுணுத்தது. பூக்காரியின் மகள் சட்டென்று எழுந்து டிவியை அணைத்தாள்.

"சத்தமா சொல்லு கண்ணு" என்றாள், சித்தியைக் காட்டி. "ஆயாவுக்கும் கேக்கட்டும்."