மூத்தவள் பேருக்கு மருந்து

அடுப்படி மாடக்குழியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அதில் வைத்திருப்பாள் என் மாமியார். விடிந்ததும் என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, விரலால் தொட்டு, என் இடது முன்கையில் புண்ணாகிக் கிடந்த எழுத்துகளின் மேல் தடவுவாள். பிறகு குனிந்து வாயால் ஊதுவாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் கிடந்தேன். அவள் படுக்கையில் விழும்வரை, அவளாக ஆசையோடு என்னைத் தொட்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

அறுபதுகளின் கடைசியில், பரளச்சியிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். மூத்தவள் பேச்சியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். மாமியாருக்கு அவள் வெறும் மருமகள் இல்லை. கூடப்பிறந்த அண்ணன் மகள், மடியில் போட்டு வளர்த்தவள். நான் யார்? சோறு பொங்கவும் பருத்தி எடுக்கவும் வந்தவள். என்னை "ஏய்" என்பாள். கோபம் தணிந்திருந்தால் "இளையவளே". என் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. நான் வந்த வருஷம் மழை இல்லை, உழவு மாடும் ஒன்று செத்தது. திருச்சுழிப் பக்கத்துக் கோடாங்கி ஒருவன் உடுக்கடித்துக் குறி சொன்னான்: மூத்தவள் மனம் ஆறாமல் வீட்டைச் சுற்றுகிறாள், அவள் பேரை இளையவள் உடம்பில் ஏற்றினால் அடங்கிவிடுவாள். ஏற்றுவதற்கு என் உடம்புதானா கிடைத்தது? வீட்டுக்காரரிடம் அழுதேன். "அம்மா சொன்னாக் கேளு. பேருதான, கடிக்கவா போகுது?" என்று சொல்லிவிட்டு, அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு ஏற்றப் போய்விட்டார்.

பச்சை குத்துகிறவள் வந்தாள். வாத்தியார் தாளில் எழுதிக்கொடுத்த பேரைப் பார்த்துப் பார்த்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்தினாள். மாமியார் என் மணிக்கட்டை அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்த உபசரிப்பு. கையில் தண்ணீர் படக் கூடாது, பாத்திரம் விளக்கக் கூடாது, கருவாடும் கத்திரிக்காயும் ஆகாது, பருத்திக் காட்டுக்குப் போனால் செடி மாறு கீறிவிடும். சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்காதவள், சோற்றைப் போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஆத்தா முகம் தெரியாமல் வளர்ந்தவள் நான், உருகிப்போனேன். இனி இந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று நினைத்தேன், கூறுகெட்டவள்.

ஒரு நாள் காலையில் எண்ணெய் தடவிக்கொண்டே, "வலிக்குதா தாயி?" என்றாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்றே எனக்குத் தெரியாது. "இல்லத்த" என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "ஒன்னய யாரு கேட்டா?" என்றவள், எழுத்துகளை வருடி, "பேச்சி, எரியுதாடி?" என்றாள்.

அன்று மத்தியானம் கல் உப்பை எடுத்து அந்த எழுத்துகள் மேல் தேய்த்தேன். பொருக்கோடு சேர்ந்து பேரும் போகட்டும் என்று தேய்த்தேன். பாதிப் பேர் ரத்தமாகப் போனது. மாமியார் பார்த்தாள். அடிக்கவில்லை. "எம் புள்ளய மறுபடியும் கொன்னுட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பழைய சேலையைக் கிழித்து என் வலது கையைத் தூணில் கட்டினாள். பச்சை குத்துகிறவளைத் திரும்ப வரவழைத்தாள். "புண்ணு ஆறட்டும் ஆத்தா" என்று அவளே தயங்கினாள். "பச்சப் புண்ணுலயே குத்து. ஆழமாக் குத்து. இவ செத்தாலும் போகக் கூடாது." நான் போட்ட சத்தத்துக்குத் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே சிரட்டையோடு வந்து உட்கார்ந்து, பதமாகத் தடவி, வெகுநேரம் ஊதினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பொருக்கு தானாக உதிர்ந்த அன்று எழுத்துகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரட்டையை மாடக்குழியில் கவிழ்த்தாள். "ஏய், தொழுவுல சாணி கெடக்கு பாரு" என்றாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். முதுகெல்லாம் படுக்கைப் புண். அதே விளக்கெண்ணெய், அதே மஞ்சள், அதே சிரட்டை, தடவ நான். பார்க்க வந்த சொந்தங்கள், மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். அவளோ நல்ல கையால் என் பச்சையைத் தடவித் தடவி, "பேச்சி, நீ இல்லாட்டி நாறிப் போயிருப்பேன் தாயி" என்பாள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

"அத்த, பேச்சி செத்துப்போனா. தடவுறது நானு. எம் பேரச் சொல்லுங்க, தடவுறேன்."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். வீம்பு பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஓம் பேரு என்னத்தா?" என்றாள்.

நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சிரட்டையைக் கொண்டுபோய் மாடக்குழியில் வைத்துவிட்டு, உலை வைக்கப் போனேன். பின்னால் அவள் பேச்சியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாவம் பார்த்தேனா என்றால், இல்லை.

மாமியார் போய், வீட்டுக்காரரும் போய்விட்டார். சிரட்டை இன்னும் அந்த மாடக்குழியில் இருக்கிறது, காய்ந்து வெடித்து. என் தோல் சுருங்கி, முடி நரைத்து, பாதிப் பல் விழுந்துவிட்டது. கையில் பேச்சியம்மாள் மட்டும் ஓர் எழுத்துகூட மங்காமல் இருக்கிறாள். அவ்வளவு நன்றாகப் பார்த்து ஆற்றியிருக்கிறாள் மாமியார்.