பீச்சாங்கையால் எழுதிய மனுக்கள்

மனு எழுதுகிறவளிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. சந்தோஷமாக இருப்பவருக்கு மனு எதற்கு?

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து நான் மனு எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், பயம். இடி, நாய், ஆபீசர், மாமியார், எப்போதோ பாடம் நடத்திய கான்வென்ட் சிஸ்டர் என்று எனக்கு எல்லாமே பயம். பகலில் வரிசை கட்டி ஆட்கள் நிற்பதால் பயப்பட நேரம் கிடைப்பதில்லை. இரவில் பயப்படுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். "ஐயா மீட்டிங்குல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பியிருக்கும் உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எழுதுகிற கை மட்டும்தான் கொஞ்சம் புதிது.

போனதும் இருந்ததும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்களே, அது முடிந்த மறுநாள் பஸ் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். எட்டு மாதக் குழந்தை தேன்மொழியை மடியில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மரங்கள் இன்னும் ரோட்டிலேயே படுத்திருந்தன. டிரைவர் பஸ்ஸைக் கரும்புக் கொல்லை வண்டிப்பாதையில் இறக்கினார். குழந்தை முகத்தில் சுள்ளென்று வெயில். ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டித் துண்டால் மறைத்துக்கொண்டிருந்தேன். எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. டிராக்டர் போனது, கரும்பு போனது, கூடவே முழங்கைக்குக் கீழே என்னுடையதும் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது குழந்தை நைனார்பாளையத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். அங்கேயே இருந்துவிட்டாள். என் கணவர் முருகேசன் பம்புசெட் சாமான் விற்கிறவர், நல்லவர். எதைக் கேட்டாலும் "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்பார். எனக்குப் புடவைக் கொசுவம் பிடித்துவிட மட்டும்தான் அம்மாவைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனால் குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். அவள் என் ரவிக்கைக் கைக்குள் எட்டிப் பார்ப்பாள். மிச்சத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பு. ஆனால் சோற்றுக் கிண்ணத்தைத் தொட்டால் மாமியார் வாங்கிக்கொள்வார். அவர் கொடுமைக்காரி இல்லை, அதுதான் கஷ்டம். சண்டை போடவும் வழியில்லாமல் பதமாகத்தான் சொன்னார்: "பீச்சாங்கையால ஊட்டுனா புள்ள ஒடம்புல ஒட்டாதும்மா. கை சரியானதும் வந்து கூட்டிக்கினு போ."

இங்கிலீஷ் மீடியம் ரேகை

ஐந்தாம் வகுப்பில் இடது கையால் எழுதிய ரெஜினாவை சிஸ்டரிடம் காட்டிக்கொடுத்தவள் நான்தான். சிஸ்டர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அவள் விரல் முட்டியில் நாலு வைத்தார். அந்த வருஷம் கையெழுத்துக்கான பரிசு எனக்கு. இப்போது ரெஜினா எங்கே இருக்கிறாளோ, இருந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொள்ளட்டும். நாலு கோடு போட்ட நோட்டு வாங்கி, குழந்தையில்லாத வீட்டில் குழந்தை மாதிரி அ, ஆ எழுதிப் பழகினேன்.

பிறகு ஊனமுற்றோர் அட்டைக்கு மனு கொடுக்கப் போனேன். கையில் ஒரு அரசாங்க அட்டை இருந்தால் மாமியார் மனம் மாறிவிடும் என்று நம்பினேன். கான்வென்ட் படிப்பு அப்படி. கிளார்க் என் கையெழுத்தையும் பழைய சர்ட்டிபிகேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்து மாதிரி இல்லியே?" "அந்தக் கை இல்லீங்க சார்." மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அப்போ ரேகை வெச்சிடுங்க." கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் இடது பெருவிரலை மையில் உருட்டினேன். எனக்கு அடுத்து நின்றவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த சின்னப்பொண்ணு அக்கா. இரவுப் பள்ளியில் பழகிய கையெழுத்தை, ஏர் ஓட்டுகிற மாதிரி நிதானமாக, கோணாமல் போட்டார். பிறகு நீலமாயிருந்த என் விரலைப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போடறேன், நீ ரேகை வெக்கிற. நீ இன்னாதாம்மா படிச்ச?"

நண்டு எழுத்து

என்ன படித்தேன் என்று காட்டியாக வேண்டுமே. சின்னப்பொண்ணு அக்கா வந்தது மகனுக்குச் சாதிச் சான்று கேட்டு. மனு மூன்று முறை திரும்பியிருந்தது. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து, தாளை முழங்கை முண்டால் அழுத்திக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். காற்று ஒரு தடவை தாளைத் தூக்கிக்கொண்டு போனது. மலைக்குப் போகும் பஸ்ஸும் போனது. "போவட்டும், அது நாளைக்கும் வரும். நீ எழுது" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து நாலு மலைப் பெண்களையும் ஒரு பை சாமையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சான்று கிடைத்துவிட்டதாம். பக்கத்து மரத்தடியில் டைப்மிஷின் வைத்திருக்கும் கோவிந்தன் அண்ணனுக்கு எரிச்சல். "பளிச்சுனு அடிச்சித் தர்றதுக்கு நான் இருக்கறப்போ அந்தக் கோணல் எழுத்து எதுக்கு?" என்று கேட்டார். சின்னப்பொண்ணு அக்காதான் பதில் சொன்னார்: "உன்னுது பளிச்சுனு இருக்குது, ஆபீசரு பாக்காம தள்ளிடறாரு. இவளுது நண்டு நடந்தாப்புல இருக்குது, உத்துப் பாக்கணும். உத்துப் பாத்தா படிச்சித்தான ஆவணும்?"

கூட்டுக் கை

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி கிணற்றுக்கு மின்சாரம் கேட்டு வந்தார். நான் பேனாவை எடுத்ததும் எழுந்துவிட்டார். "பீச்சாங்கையால எழுதுன மனு வெளங்குமாம்மா?" கோவிந்தன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். இருவரும் யோசித்தோம். கடைசியில் அவரே வழி சொன்னார்: அவருடைய வலது கை என் பேனாவின் மேல்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும், நான் எழுதவேண்டும், அப்படியானால் வலது கையால் எழுதிய கணக்காம். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. மழைக்காலத்தில் கரும்பு வண்டி போன பாதை மாதிரி இருந்தது எழுத்து.

அது திரும்பி வந்தது, படிக்க முடியவில்லை என்று. அவரும் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் கால் முட்டிக்கு அடியில் செருகி உட்கார்ந்தார்.

"இந்த தபா நீயே எழுதும்மா. என் கையி பட்டுத்தான் கெட்டுப்போச்சு."

சோப்பு

எல்லாருக்கும் ஒரு சந்தேகம் உண்டு, யாரும் கேட்பதில்லை. வடக்கனந்தலிலிருந்து முதியோர் பென்ஷனுக்கு வந்த மூன்று பெண்கள் கேட்டுவிட்டார்கள். மனுவை வாங்கி மடித்து இடுப்பில் செருகியபிறகு, அதில் மூத்தவர் குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. சாப்புடறதும் அந்தக் கை, எழுதறதும் அந்தக் கை. அப்போ காத்தால…?"

கான்வென்டில் சிஸ்டர் நிற்க வைத்துக் கேட்டதுபோல எழுந்து நின்றுவிட்டேன். "சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவிடுவேங்க." சோப்பு டப்பாவையும் எடுத்துக் காட்டினேன். மூவரும் அதை முகர்ந்து பார்த்தார்கள். மூத்தவர் மற்ற இருவரிடமும் திரும்பினார்: "எங்க வூட்டுக்காரரு ரெண்டு கையும் வெச்சிக்கினு ஒரு நாளும் சோப்பு தொட்டதில்ல. அந்தாளு கையால விபூதி வாங்கிப் பூசிக்கினு இருந்தேன் நானு."

அடுத்த மரம்

போராட்டத்துக்குப் பிறகு இட ஒதுக்கீட்டுக்குப் புதுச் சாதிப் பட்டியல் வந்தது. புதுப் பட்டியல்படி புதுச் சான்று வேண்டுமென்றார்கள். ஊரே எங்கள் மரத்தடிக்கு வந்தது. அதில் ஓர் இளைஞன். வீட்டிலேயே முதல் ஆளாகப் பன்னிரண்டாவது முடித்து, வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கல்லூரிக்கு மனுப்போட வந்திருந்தான். நான் எழுத எழுத அவன் போராட்டக் கதை சொன்னான். ராத்திரி பகலாக எப்படி ரம்பம் இழுத்தார்கள், மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் எது பெரிய மரம், எது எந்தப் பக்கம் விழுந்தது, எல்லாம். "கை எப்படிக்கா போச்சு?" என்று நடுவில் கேட்டான். மூங்கில்துறைப்பட்டு, வண்டிப்பாதை, டிராக்டர் என்று மூன்றே வார்த்தையில் சொன்னேன். அவன் கதை நின்றுபோனது.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது. மனுவில் அவன் தகப்பன் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப்போட்டால் போதும், ஒரு வருஷம் அலைவான். பேனா அந்த எழுத்தின் மேலே கொஞ்ச நேரம் நின்றது. அவன் வெயிலில் கறுத்த கழுத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்காகவே எழுதினேன். சீட்டு கிடைத்த பிறகு எனக்கு எழுத ஒரு பலகை செய்து கொண்டுவந்தான். புளியம்பலகை. எந்த மரம் என்று நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்: "நீங்க சொன்ன எடத்துல வுழுந்த மரம் நான் வெட்டுனது இல்லக்கா. நான் வெட்டுனது அதுக்கு அடுத்தது."

வரிசை

மாமியாருக்கு இளைய மகன் ஒருவன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவனுக்கும் புதுச் சான்று வேண்டும். மறுநாள் கடைசி நாள். பதினெட்டு வயது ஆகாததால் தாய்தான் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அவன் மஞ்சள் காமாலையில் படுத்திருக்க, தேன்மொழியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாரே பஸ் ஏறி வந்துவிட்டார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல நேராகக் கோவிந்தன் அண்ணனிடம் போனார். அண்ணனுக்கு என் வீட்டு விஷயம் தெரியும். "நான் அடிக்கறவன்ம்மா, எழுதறவன் இல்ல. எழுதறது அங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு ரிப்பனைச் சுற்ற ஆரம்பித்தார்.

என் முன்னால் பதினோரு பேர். மாமியார் நேராக முன்னால் வர, சின்னப்பொண்ணு அக்கா தடுத்தார். "ஏம்மா, நாங்கெல்லாம் மலைலருந்து வேடிக்க பாக்கவா வந்துக்கினு இருக்கறோம்? பின்னால நில்லு." அவர் என் மாமியார் என்று நான் சொல்லவில்லை. பயத்தில்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறை வந்தது. நான் எழுதி முடிக்கும்வரை என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் உள்ளே போய் ரேகை வைக்கவேண்டும். குழந்தை பசியில் சிணுங்க ஆரம்பித்திருந்தாள். அவளைப் புளியம்பலகை மேல் உட்காரவைத்து, இட்லிப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிப் போனார். நான் குழாயடிக்கு ஓடி இரண்டு தடவை சோப்பு போட்டேன். அன்று மூன்றாவது தடவையும் போட்டேன். முதல் விள்ளலைத் தேன்மொழி முகர்ந்து பார்த்தாள், எந்தக் கை என்று பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். மூன்று இட்லி.

மாமியார் திரும்பி வந்தபோது அவருடைய இடது பெருவிரல் நீலமாயிருந்தது. மனுவை வாங்கிக்கொண்டார்களாம். குழந்தையின் வாயையும் என் கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னப்பொண்ணு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா பாக்கற? சர்க்காரே அந்தக் கையத்தான கேட்டு வாங்குது" என்றார். மாமியார் விரலைப் புடவையில் துடைத்தார். மை போகவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டுவார் என்று நின்றேன். அவர் மட்டும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். வண்டி உறுமியது. "அத்தே, கைய உள்ள எடுங்க" என்று கத்திவிட்டேன். மாமியாரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து சொன்னார்: "எடுத்துட்டேன். புள்ள துணிமணிய ஞாயித்துக்கெழம முருகேசங்கிட்ட குடுத்தனுப்பறேன். நீ சோப்பு கம்மியா போடாத."

பிள்ளையையும் பேனாவையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு வேறு குறை ஒன்றும் இல்லை.