ரகசியமாக அடையாறு போய்வந்த ஆறு பேர்

இந்த வலைப்பதிவில் இதுவரை மலை, கடல், கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குப் போன பயணத்தை எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. எழுதச் சொன்னவர் கன்னியம்மா. "பேரை மாத்திக்க. நடந்ததை மாத்தாத" என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் பெயர்கள் மட்டும் பொய்.

கன்னியம்மா இருளர். திருப்போரூர் பக்கம் என் அக்காவின் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவர் கணவர் முருகன் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனவர். முன்பணம் கழியவில்லை என்று ஏஜென்ட் எட்டு மாதம் ஊருக்கே விடவில்லை. திரும்பி வந்தபோது பாதி உடம்புதான் இருந்தது. அங்கே கூடாரத்துக்குச் சாராயமும் பெண்களும் வருவதை ஒருநாள் அவரே அழுதுகொண்டு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கன்னியம்மாவுக்குத் தூக்கமில்லை. தனக்கும் எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்ற பயம்.

உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாமே என்றேன்.

"அங்க ஊசி குத்துனா, நான் ஊடு வர்றதுக்குள்ள கொழாயாண்ட பேசிகினு இருப்பாங்கக்கா. ஏற்கெனவே எங்களத் தள்ளி நில்லுன்றாங்க. இதுவும் சேந்துகிச்சுன்னா?"

சரி, சென்னை. ஊர் சுற்றுவதில் எனக்குத்தான் அனுபவம் ஆயிற்றே, நானே திட்டம் போட்டேன். வீட்டில் கேட்டால் தி. நகரில் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லச் சொன்னேன். இதைவிட முட்டாள்தனமான திட்டத்தை நான் போட்டதில்லை. காலை ஏழேகாலுக்குத் திருப்போரூர் பேருந்து நிலையத்தில் கன்னியம்மாவோடு மாமியார் பச்சையம்மா, இரண்டு நாத்தனார்கள், பக்கத்து வீட்டுச் செல்வி, ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. அவர்கள் குடியிருப்பில் யாரும் தனியாக வெளியூர் போவதில்லை. தனியாகப் போகும் இருளர் மீது எந்த ஊரில் என்ன திருட்டுப் பழி விழும் என்று சொல்ல முடியாதாம். இது எனக்குத் தெரியாது.

519 பிடித்தோம். அடையாறுக்குச் சுமார் 35 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சாதாரணக் கட்டணப் பேருந்து என்பதால் பெண்களுக்கு இலவசம். "இன்னாமா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார் நடத்துநர். பெருங்குடியில் குப்பைக் கிடங்கின் வாசனை உள்ளே வந்ததும் பச்சையம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, சாலையோர ஐ.டி. கட்டடங்களைக் காட்டினார். "இம்மாம் பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்னவன் குப்பைய அள்ள மாட்டானா?"

அடையாறில் இறங்கியதும் கன்னியம்மாவை மட்டும் பிரித்துக் கூட்டிப்போக வேண்டும். அவசரத்தில் என் வாயில் வந்தது: "இவங்க ஆதார்ல ஒரு திருத்தம். நீங்க இங்கயே உக்காருங்க."

அவ்வளவுதான். "எம் பேரும் தப்பா கீது!" "எனக்குப் பொறந்த வருசமே இல்ல!" பல வருடமாகச் சான்றிதழுக்கு அலைந்து சலித்தவர்களிடம் சொல்லக்கூடிய பொய்யா அது? நான்கு பேரும் எங்களை முந்திக்கொண்டு நடந்தார்கள்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஆறு பேருமாக அதன் வாசலில் போய் நின்றோம். ஆலோசகர் அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்கு?" என்றார். "எல்லாருக்கும்!" என்றார்கள். ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும் என்றதும், வயதில் பெரியவர் என்று பச்சையம்மா உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. கன்னியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மயிலாப்பூர் தெரு மாமி ஒருவர் எதிரே வர வேண்டுமா? "என்னடி இங்க உக்காந்துண்டு இருக்க? ஆத்துல யாருக்கு என்ன?"

"பல்லு, மாமி."

பல் மருத்துவர் இருப்பது வேறு கட்டடம். மாமி பலகையைப் படித்தார், என்னைப் பார்த்தார், வேகமாகப் போய்விட்டார். ஒன்றுமே இல்லாத எனக்கே வியர்த்துவிட்டது.

இருபது நிமிடம் கழித்துப் பச்சையம்மா கையில் பஞ்சோடு வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மே, இது இன்னா எடம்னு உள்ள சொன்னாங்க. என்னாண்ட சொல்லக் கூடாதா? அரிசி மில்லுல கொத்தடிமையா கெடந்தப்ப, ராத்திரி கூப்டா போணும். மாட்டேன்னு சொல்ல எங்களுக்கு வாய் ஏது? அப்போலேந்து எனக்கும் இந்த பயம் கீது. யாராண்ட போய்க் கேப்பேன்?"

நாத்தனார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது.

"போ உள்ள. நான் இங்கதான் குந்திகினு கீறேன்" என்றார்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்கள். பரிசோதித்துக்கொண்ட மாமியார், மருமகள் இருவருக்கும் தொற்று இல்லை. அண்மையில் தொற்றியிருந்தால் இப்போதே தெரியாதாம், அதனால் கன்னியம்மா மட்டும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "சும்மாவா இத்தினி வருசம் பயந்தேன்?" என்று பச்சையம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபத்தைத் தி. நகரில் ஒரே விலைக் கடை ஒன்றில் காட்டி, நானூறு ரூபாய்ப் புடவையை முந்நூற்றைம்பதுக்கு வாங்கினார். கடைக்காரரின் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் மகனுக்கு போன் போட்டார். "டேய், நான் பாத்துட்டேன், உம் பொண்டாட்டியும் பாத்துட்டா. நாளைக்கு நீ வர்ற." பாதி பேருந்து திரும்பிப் பார்த்தது.

போக நினைப்பவர்களுக்கு: பரிசோதனை இலவசம். எங்களிடம் ஆதார் கேட்கவில்லை. காலையிலேயே போய்விடுங்கள். அறைக்குள் பேசுவது வெளியே வராது. முக்கியமாக, கூட வருபவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பொய்க்குத்தான் அலைச்சல் அதிகம்.

முருகன் போனார். அவருக்குத் தொற்று இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும்போல வாழலாம் என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருக்கிறார். போன வாரம் ஏஜென்ட், முன்பணம் இன்னும் பாக்கி, உடனே கிளம்பி வரச் சொல் என்று போன் செய்தாராம். எடுத்தது பச்சையம்மா.

"எம் புள்ள மாசாமாசம் மாத்திர வாங்கணும், எங்கயும் வர மாட்டான். உனக்கு மரம் வெட்டணும்னா நீ போய் வெட்டு."