அந்தப் பதினாறு பக்கங்கள்

1989ஆம் வருடம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது முப்பது. ஊரில் புத்தகம் படிக்கிறவர்கள் பதினைந்து, இருபது பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வைத்திருந்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். கூடவே ஒரு மாதப் பத்திரிகை. உள்ளே எல்லாம் சைக்ளோஸ்டைல், அட்டை மட்டும் ராஜபாளையத்தில் ஒரு பிரஸ்ஸில் அச்சாகி வரும். அதற்கு ஸ்டென்சில் வெட்டுவது, அதாவது மெழுகுத் தாளில் டைப் அடிப்பது, என் வேலை. அதனாலேயே கடைசி இரண்டு பக்கத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்த புத்தகம், புதிதாக வந்த படம், கடையில் புதிதாக வந்து இறங்கிய சாமான் எதுவானாலும் அதில் என் அபிப்பிராயம் இருக்கும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இரண்டு பக்கத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. டேப் ரிக்கார்டர் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்கிறவர்கள் இருந்தார்கள். ரிமோட் வைத்த கலர் டிவியை ராஜபாளையத்து ஷோரூம் ஒன்றில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இது நம் வீடுகளுக்கு ஆகாது, ஆறு மாதத்தில் ரிமோட் மூலையில் கிடக்கும் என்று எழுதினேன். என் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கலாம் என்றிருந்த டிவியை அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று விட்டார். சினிமாவும் அப்படித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இடைவேளையில் எழுந்து வந்து, இரண்டாம் பாதி தொய்வு என்று எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் ரசித்தார்கள். கொஞ்சம் குத்தலாக எழுதினால் கூடுதலாக ரசித்தார்கள்.

அந்த வருடம் சேத்தூரிலிருந்து ஒரு நாவல் தபாலில் வந்தது. எழுதியவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். சொந்தச் செலவில் போட்டிருந்தார். அவருடைய முதல் புத்தகம். முதல் நாற்பது பக்கம் படித்தேன். நடை இழுத்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். முதலில் வந்த கதாநாயகனின் தங்கை கடைசியில் எங்கேயும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. 'ஆசிரியர் ஒரு பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மில் சங்கு ஊதியதும் அவளை மறந்து கிளம்பிவிட்டார்' என்று எழுதினேன். ஸ்டென்சில் வெட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஒரு துணிப்பையிலிருந்து தன் புத்தகத்தின் வேறொரு பிரதியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வந்த பொஸ்தகத்துல தொண்ணூத்தேழாம் பக்கத்துல இருந்து நூத்திப் பன்னெண்டு வரைக்கும் இல்லாமப் போயிருக்கணும். அதுலதான் தங்கச்சி ஏன் போறாங்கிறது முழுசும் வருது. படிச்சிருந்தா நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீக. பைண்டிங்ல ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், விட்டுப்போச்சு போல. மன்னிச்சுக்கிடுங்க" என்றார்.

பதினைந்து பேரும் என்னையே பார்த்தார்கள். நான் படிக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். "ஆமா, நடுவுல பக்க எண் தாவுச்சு. நானும் யோசிச்சேன்" என்றேன்.

எனக்கு முதலில் வந்த பிரதியைக் கொடுத்தால் பிரஸ்ஸில் காட்டுவேன் என்றார். ஒரு நண்பர் படிக்க வாங்கிப் போயிருக்கிறார் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 97 இருந்தது. 112 இருந்தது. அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் பத்திரிகைக்கு அட்டை அடிக்க ராஜபாளையம் போனேன். அந்த நாவலை அச்சடித்ததும் அதே பிரஸ்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலாளி என்னை உட்கார வைத்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"உங்களுக்குப் போன பிரதில பக்கம் விட்டுப்போச்சாமே. எழுதின தம்பி வந்து வருத்தப்பட்டாரு. ஃபாரம் மடிச்சு அடுக்குற பொம்பளைய அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். பதினோரு வருசமா வேல பாக்கா, இனி நம்ப முடியுமா?" என்றார்.

இதை அவர் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் "பரவாயில்லை" என்றேன். கலரைக் குடித்து முடித்தேன். அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அன்று நான் உண்மையைச் சொல்லவில்லை.

பெரிய மனப் போராட்டம் என்று சொல்ல மாட்டேன். வேலை போனவர் யாரென்று எனக்குத் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக ஆபீஸில் டைப் அடிக்கும்போது வரி தாவிக்கொண்டே இருந்தது. ஒரே கடிதத்தை மூன்று முறை அடித்தேன். மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பிரஸ்ஸில் கம்பாசிட்டர் ஒருவரிடம் விசாரித்ததில், வேலை போன அம்மாவுக்குச் சோழபுரம் என்று சொன்னார்.

அங்கே போனபோது அந்த அம்மா வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியைக் குவியலாகப் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். பஸ்ஸில் வரும்போது ஒரு சமாளிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். நண்பரிடமிருந்து புத்தகம் திரும்பி வந்தது, பார்த்தால் பக்கமெல்லாம் சரியாக இருக்கிறது, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று. அதைத்தான் சொன்னேன்.

"செத்த குடுங்க சார்" என்று புத்தகத்தை வாங்கினார். பக்க எண்ணைப் பார்க்கவில்லை. முதுகைப் பிடித்து விரலால் தாள்களைச் சரித்து விட்டார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பக்கம் இருக்கு. ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு, அது என் தப்புதான். மடிப்பு உள்ள எறங்கியிருக்கு, பாத்தீகளா? வெட்டும்போது கத்தி படல. ரெண்டு தாளும் மேல ஒட்டிக்கிட்டு நிக்கி" என்றார்.

பார்த்தேன். 97ஐ ஒட்டி வருகிற தாள்கள் மேல் விளிம்பில் சேர்ந்தே இருந்தன. பிரிக்காமல் உள்ளே ஒரு வரியும் படிக்க முடியாது. நான் படிக்கவில்லை என்பதை அவரும் அதே நேரத்தில் புரிந்துகொண்டார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்கேலை எடுத்து வந்து, மடிப்புக்குள் விட்டு நிதானமாக இழுத்தார். தாள் பிசிறில்லாமல் பிரிந்தது. மற்றதையும் பிரித்தார்.

"இப்ப வாசிக்கலாம் சார்" என்று நீட்டினார்.

அதற்கு மேல் சமாளிப்புக்கு இடமில்லை. படிக்கவில்லை என்றும், கூட்டத்தில் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். முதலாளியிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"அவிய எல்லார் முன்னாலயும்தான் என்னைய நிப்பாட்டுனாக. நீங்க தனியாக் கூப்புட்டு காதுக்குள்ள சொல்லிட்டுப் போனா, பொறவு நான் எந்த மொகத்தோட உள்ள போறது? நானும் வாரேன். எல்லாரும் இருக்கைல சொல்லுங்க" என்றார்.

துணியை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

பிரஸ்ஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். முதலாளி, கம்பாசிட்டர்கள் மூன்று பேர், மெஷின்மேன். புத்தகத்தைக் காட்டி, பக்கங்கள் முதலிலிருந்தே இருந்தன, படிக்காமல் எழுதியது நான் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. மறுபடி சொன்னேன். முதலாளி அந்த அம்மாவிடம் திரும்பி, "நாளைக்கு வந்துரு" என்றார். "எதுக்கு நாளைக்கு? இன்னைக்கே இருக்கேன்" என்று அவர் மடிப்பு மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு யாரும் அன்று கலர் வாங்கித் தரவில்லை.

மறுநாள் சேத்தூர் போனேன். நாவலாசிரியர் காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நானும் எம்பொஞ்சாதியும் வீட்ல இருந்த நானூறு பிரதியையும் ஒண்ணொண்ணா விரிச்சுப் பாத்தோம் அண்ணாச்சி. எல்லாம் சரியா இருந்துச்சு. உங்களுக்கு வந்தது ஒண்ணுதான் பிசகுன்னு நெனச்சுக்கிட்டோம்" என்றார். பிறகு, "பிடிக்கலன்னு எழுதுனது தப்பில்ல. வாசிச்சுட்டு எழுதியிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

நாவலை முழுதாகப் படித்தேன். மனசாட்சிக்காகப் புகழ வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது, ஆனால் முழுவதும் படித்த பிறகும் அது சுமாரான நாவல்தான். அந்தப் பதினாறு பக்கங்கள் தவிர. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போகிற தங்கையும், பஸ் ஏற்றிவிட வந்த அண்ணனும் பேசிக்கொள்கிற இடம் அது. பஸ் வருகிற வரைக்கும் இருவரும் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அதைப் போல நான் அதற்கு முன்பு படித்ததில்லை. அடுத்த இதழில் இந்த இரண்டு அபிப்பிராயத்தையும் எழுதினேன், நான் செய்ததையும் சேர்த்து. வட்டத்தில் சிலர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். டேப் ரிக்கார்டர் பற்றிக் கேட்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

அந்தப் பத்திரிகை இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. புத்தகம், படம் என்று எதைப் பற்றியும் எனக்கு இன்றைக்கும் அபிப்பிராயம் இருக்கிறது, சொல்லவும் செய்கிறேன். ஆனால் ஒரு பொருளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் எடுக்கும்போது, அதை மடித்து அடுக்கிக் கொடுத்த யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அப்போது நான் அதை உண்மையிலேயே முழுதாகப் பார்த்தேனா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை.