அசையாமல் நின்றவன்

இது நடந்ததுதான். நான் அளந்துவிட்ட கதைகள் ஊரில் ஏராளம். இதில் பெருமைப்பட ஏதும் இல்லாததால் கூட்டிச் சொல்லவும் ஏதும் இல்லை. வெட்கம்தான் மிச்சம்.

1823, அக்டோபர் ஒன்பது. டிரெஸ்டனிலிருந்து நானும் நண்பன் லுடோல்ஃபும் எல்பே ஆற்றுப் பாறைகளை வரைய நடந்தே போயிருந்தோம். எங்கள் ஓவியர் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை பெரிய மலையை வரைந்தாலும் அதில் எறும்பளவு ஒரு மனிதனை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் மலையின் உயரம் தெரியும்.

சாயங்காலம் நாலு பத்து. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், செங்குத்துப் பாறையின் நடு விளிம்பில் ஒருவன் தெரிந்தான். பழுப்புக் கோட்டு. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

"தேடாமலே ஆள் கிடைச்சிட்டான்டா, விட்டுடாத" என்றான் லுடோல்ஃப்.

கை ஆடினால் எப்படி வரைவது? வாயருகே கையைக் குவித்துக் கத்தினேன்.

"அண்ணே, ஆடாம நில்லுங்க. கால் மணி நேரந்தான்."

கைகள் இறங்கின. நின்றான்.

காற்று என் தொப்பியைப் பறித்தது. அவன் கோட்டு நுனி அசையவில்லை. நாலரைக்கு மூடுபனி ஏறிப் பாறையை மறைத்தது. அவனை மறைக்கவில்லை...

"டேய், அவன் அங்க எப்படிடா ஏறினான்?"

அந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்திருந்தது. கோட்டு மடிப்பை முடித்துவிட்டுக் கேட்கலாமென்று இருந்தேன்.

கிறீச்... கிறீச்...

நகத்தால் கல்லைச் சுரண்டும் ஓசை. பள்ளத்துக்கு அப்பாலிருந்து அல்ல. என் மடியிலிருந்த படப் பலகைக்கு அடியிலிருந்து.

நாலு நாற்பது.

பனி விலகியது.

விளிம்பில் யாரும் இல்லை.

ஓடினோம். விடுதிக்குள் விழுந்து நாங்கள் முதலில் கேட்டது பீர்.

விடுதிக்கார அம்மா எல்ஸ்பெத் படத்தைப் பார்த்தாள். அவன் கல்லுடைக்கிறவனாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஏறி, இறங்க வழியின்றிச் சிக்கியவன். எதிரே உட்கார்ந்திருந்த ஓவியர் ஒருவர் அவனை அசையாமல் நிற்கச் சொல்லி, வரைந்து முடித்து, மூட்டை கட்டிப் போய்விட்டார். மூன்றாம் நாள் கீழே இறக்கியபோது அவனே இதைச் சொல்லிவிட்டுச் செத்தானாம்.

எங்களை ஏதும் செய்வானா என்று கேட்டேன்.

"அவன் யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டான் ஐயா. படம் வரையறவங்க கண்ணுக்குத் தெரிவான், கை ஆட்டுவான், அவ்வளவுதான்." குவளையை முன்னால் வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். "யாராச்சும் ஓடி வந்து கேப்பாங்கன்னு அந்த ஆணியில கயிறு மாட்டி வச்சிருக்கேன். உங்களோட ஒன்பது பேர் வந்தாச்சு. எல்லாரும் பீர்தான் கேக்கறீங்க."